மண்ணில் மறைந்த விஷம்: அளவு மட்டும் தெரிந்தால் போதுமா?

2025-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி உச்ச நீதிமன்றம் பாலாற்றுப் பிரதேசத்து ஜனங்களைப் பற்றி முக்கியமானதொரு தீர்ப்பை அளித்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீரால் நிலத்தையும் கிணற்றையும் இழந்தவர்களுக்கு நஷ்ட ஈட்டைச் சர்க்கார் முதலில் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதைக் குற்றம் இழைத்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும். இவ்வேலைகளை மேற்பார்வையிட ஒரு கமிட்டி அமைய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார், மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சுத்தம் செய்வதற்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசு செய்தவனே அதற்குரிய கிரயத்தைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இதே நீதிமன்றம் நிலைநாட்டிற்று. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போய்விட்டது என்ற வேளாண் ஆராய்ச்சியாளரின் கணக்கு அன்றே நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய முப்பது வருஷ காலம் காத்திருந்த ஜனங்களுக்கு இப்போதாவது வழி பிறந்ததே என்று நாம் மகிழ்ச்சியடைகிறோம்.

ஆனால் மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டியிருக்கிறது. நஷ்ட ஈடு யாருக்கு, எவ்வளவு, எந்த நிலம் முதலில் சீர்பட வேண்டும், எந்த இடம் சுத்தமாகிவிட்டது என்று சான்று கொடுக்கலாம் என்பவையெல்லாம் கடைசியில் எதைப் பொறுத்திருக்கின்றன? மண்ணை எடுத்துப் பரிசோதித்து ரசாயன சாலை கொடுக்கும் ஒரு காகிதத்தைப் பொறுத்திருக்கின்றன. அந்தக் காகிதத்தில் "குரோமியம் - கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்" என்று ஒரே ஓர் எண் மட்டும் இருக்குமானால், அது பாதி உண்மையைத்தான் சொல்லும். சில சமயம் பாதி உண்மை முழுப் பொய்யைக் காட்டிலும் கெடுதல் செய்யும். உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எந்த ரூபத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். நம் தேச ஊழியர்கள் பலர் இக்கேள்வியை இன்னும் கேட்கப் பழகவில்லை.

ஒரு மனிதனுடைய ஆஸ்தி ஒரு லட்சம் ரூபாய் என்று கேள்விப்பட்டால், அவன் நாளைக்கே எவ்வளவு செலவழிக்க முடியும் என்பது நமக்குத் தெரிந்துவிடுமா? இடுப்பு மடியில் இருக்கும் ரொக்கம் வேறு. பெட்டியில் பூட்டியிருப்பது வேறு. கடனாகக் கொடுத்து நிலுவையில் நிற்பது வேறு. விற்க முடியாத கற்பாறை நிலமாகக் கிடப்பது வேறு. மண்ணிலுள்ள உலோகமும் இப்படித்தான். ஒரு பகுதி மழைத் தண்ணீர் பட்டவுடனே கரைந்து கிணற்றுக்கு ஓடிவிடும். ஒரு பகுதி புளிப்பு ஏறினால் வெளிவரும். ஒரு பகுதி மக்கிய இலை தழைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்றொரு பகுதி பாறையின் அணுக்கூட்டுக்குள்ளேயே அடைபட்டு, யுகக்கணக்கில் யாருக்கும் தீங்கு செய்யாமல் கிடக்கும். இவற்றையெல்லாம் கூட்டி ஒரே தொகையாகச் சொல்வதால் வயலில் நிற்கும் குடியானவனுக்கு என்ன பிரயோஜனம்?

குரோமியத்தின் விஷயத்தில் இந்த வேற்றுமை மிகவும் கொடியது. இவ்வுலோகம் இயற்கையில் பெரும்பாலும் மூன்றாம் நிலையில், அதாவது அணு ஒன்றுக்கு மூன்று எலெக்ட்ரான்களை இழந்த நிலையில், காணப்படுகிறது. இந்நிலையில் அது சாதாரண மண்ணில் எளிதில் கரையாது. மண் துகள்களைப் பற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆறு எலெக்ட்ரான்களை இழந்த ஆறாம் நிலையிலோ அது குரோமேட் என்னும் உப்பாக மாறித் தண்ணீரில் தாராளமாகக் கரைந்து, நிலத்தடி நீரோடு ஊர் ஊராகப் பிரயாணம் செய்யும். உடலுக்கு வேண்டிய சல்பேட்டைப் போலவே அது உருவம் கொண்டிருப்பதால், உயிரணுவின் வாசலில் தடுக்கப்படாமல் சல்பேட் நுழையும் வழியாகவே உள்ளே புகுந்துவிடும். குரோமேட் ஆலைத் தொழிலாளரின் மூக்குத் தண்டு துளைபடுவதும், தோலில் ஆழ்ந்த புண்கள் உண்டாவதும் நெடுங்காலமாக வைத்தியர்கள் அறிந்தவை. 1990-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஆறாம் நிலைக் குரோமியச் சேர்மங்களை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று ஐயத்துக்கு இடமில்லாத முதல் வகுப்பில் சேர்த்தது. மூன்றாம் நிலையை அவ்வகுப்பில் சேர்க்கவில்லை. பெயர் ஒன்று, குணமோ நேர் விரோதம்.

நமது மாகாணத்திலேயே இதற்கு இரண்டு அத்தாட்சிகள் இருக்கின்றன. நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி என்ற ஊரைச் சுற்றிய பாறைகளில் குரோமைட் என்னும் தாது இயற்கையாகவே அமைந்திருக்கிறது. அத்தாதுக் கல்லைப் பொடி செய்து வலிய அமிலங்களில் முற்றும் கரைத்து அளந்தால் குரோமியத்தின் தொகை பிரமிக்கத்தக்கதாக இருக்கும். ஆயினும் அது மூன்றாம் நிலையில், பாறைக்குள் பூட்டுண்டு கிடக்கும் உலோகம். மற்றோர் அத்தாட்சி ராணிப்பேட்டை. 1970-களில் தொடங்கி 1990-களின் மத்தியில் நின்றுபோன குரோமேட் ஆலையொன்று அங்கே லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைத் திறந்த வெளியில் குவித்துவிட்டுச் சென்றது. 2006-இல் அமெரிக்காவிலுள்ள பிளாக்ஸ்மித் ஸ்தாபனம் உலகத்திலேயே மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையின் பெயரைச் சேர்த்தது. குரோமைட் தாதுவைச் சுண்ணாம்போடும் சோடாக் காரத்தோடும் சேர்த்து 1,000 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வறுத்து, மூன்றாம் நிலையிலுள்ள உலோகத்தை ஆறாம் நிலைக்கு ஏற்றுவதே அத்தொழிலின் சூட்சுமம். பாறை பூட்டி வைத்ததை மனிதன் நெருப்பிட்டுத் திறந்துவிட்டான். திறந்ததில் ஒரு பகுதி சரக்காக விற்பனையாயிற்று. எஞ்சியது காரம் மிகுந்த கழிவில் தங்கி, மழைதோறும் மஞ்சள் நீராக வடிந்தது. சித்தம்பூண்டிக் கல்லையும் ராணிப்பேட்டைக் கழிவையும் ஒரே தராசில் நிறுத்து, எதில் குரோமியம் அதிகம் என்று மட்டும் கேட்பவன் எந்த முடிவுக்கு வருவான்?

இனித் தோல் ஆலைகளைப் பார்ப்போம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட நம் நாட்டில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கில அதிகாரி சென்னையில் குரோமியப் பதனிடு முறையைப் பரிசோதித்து வழி காட்டினார். இன்று அம்முறையே எங்கும் பரவியிருக்கிறது. அதில் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமிய சல்பேட். பழைய முறைப்படி செய்தால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவு நீரில் போய்விடுகிறது. ஆலை முதலாளிகள் இதைச் சுட்டிக்காட்டி, "நாங்கள் விடுவது விஷமில்லாத மூன்றாம் நிலைதானே, எங்களை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். இவ்வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது தர்மமல்ல. தோல் ஆலைக் கழிவும் குரோமேட் ஆலைக் கழிவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே குற்றமாகப் பேசுவது, நேர்மையாகத் தொழில் நடத்துபவனுக்கு அநியாயம். உப்பையும் கழிவையும் ஆற்றில் கொட்டிவிட்டுப் பிறர் மேல் பழி போடுபவனுக்கு அனுகூலம்.

ஆயினும் வாதம் அத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1979-இல் அமெரிக்காவில் வெர்மான்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற இரு மண்ணியல் நிபுணர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மண்ணில் மாங்கனீஸ் ஆக்ஸைடு இருக்குமானால், அது மூன்றாம் நிலைக் குரோமியத்தில் ஒரு பகுதியை ஆறாம் நிலைக்கு ஏற்றிவிடுகிறது என்பதே அது. அதுவரை இதை விஞ்ஞானிகள் ஏன் காணவில்லை? காரணம் மிகச் சாமானியமானது. வயலிலிருந்து கொண்டுவந்த மண்ணை உலர்த்திப் பாட்டிலில் அடைத்து, மாதக்கணக்கில் வைத்திருந்து பரிசோதித்தார்கள். உலர்ந்த மண்ணிலே அந்தச் சக்தி குன்றிவிடுகிறது. வயலின் ஈரம் மாறாத புது மண்ணை எடுத்துப் பார்த்தவர்களுக்கு உண்மை புலப்பட்டது. மறுபுறம் சேற்றிலுள்ள இரும்பும், கந்தகமும், மக்கிய பொருள்களும் ஆறாம் நிலையை மீண்டும் மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடுவதும் உண்டு. ஆகவே மண்ணிலுள்ள உலோகம் பெட்டியில் வைத்த கல் அல்ல. பருவத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப வேஷம் மாற்றும் வஸ்து. ஒரு தடவை பரிசோதித்து, "இது மூன்றாம் நிலை, ஆகையால் பயமில்லை" என்று நிரந்தரச் சான்று கொடுப்பதற்கில்லை.

ரூபத்தை எப்படிக் கண்டறிவது என்று கேட்கலாம். இதற்கு வழிகள் பல உண்டு. 1979-ஆம் வருஷத்திலேயே கனடா தேசத்தின் கியூபெக் மாகாணத்தில் டெசியர், காம்பெல், பிஸ்ஸன் என்ற மூவர், வண்டலிலுள்ள உலோகங்களைப் படிப்படியாகப் பிரித்தெடுக்கும் முறையொன்றை வகுத்தார்கள். ஒரு கிராம் வண்டலை எடுத்து, முதலில் மெக்னீஸியம் குளோரைடு கரைசலில் குலுக்கினால், துகளின் மேல் இலேசாக ஒட்டியிருக்கும் உலோகம் வெளிவருகிறது. இரண்டாவதாக, புளிப்பேற்றிய சோடியம் அசிடேட்டில் இட்டால் சுண்ணாம்போடு கூடியிருப்பது வருகிறது. மூன்றாவதாக ஹைட்ராக்ஸிலமைன் என்னும் மருந்து, இரும்பு, மாங்கனீஸ் ஆக்ஸைடுகளைக் கரைத்து அவற்றில் ஒளிந்திருப்பதை விடுவிக்கிறது. நான்காவதாக ஹைட்ரஜன் பெராக்ஸைடு மக்கிய பொருள்களையும் கந்தகச் சேர்க்கைகளையும் அழித்து, அவற்றைப் பற்றியிருந்ததை வெளியேற்றுகிறது. கடைசியில் வலிய அமிலங்களால் பாறைத் துணுக்குகளையே கரைத்து எஞ்சியதை அளக்கிறார்கள். மடியிலுள்ள ரொக்கம் எவ்வளவு, பெட்டியில் எவ்வளவு, பாறையில் எவ்வளவு என்று இவ்வாறு கணக்குத் தெரிகிறது.

இம்முறை உலோகம் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் காட்டும். குரோமியம் மூன்றாம் நிலையா, ஆறாம் நிலையா என்பதற்கு வேறு பரிசோதனை வேண்டும். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. மொத்தக் குரோமியத்தை அளக்கும் வழக்கப்படி மண்ணை அமிலத்தில் போட்டுக் காய்ச்சினால், அதிலுள்ள மக்கிய பொருள்கள் ஆறாம் நிலையை மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடும். குற்றவாளியைப் பிடிக்கப் போனவனே அவனுக்கு மாறுவேஷம் போட்டு அனுப்புவது போலாகும் இது. ஆகவேதான் அமிலத்தை விட்டு, சோடியம் ஹைட்ராக்ஸைடும் சோடியம் கார்பனேட்டும் கலந்த காரக் கரைசலில் 90 முதல் 95 டிகிரி உஷ்ணத்தில் ஒரு மணி நேரமாவது மண்ணை வைத்திருந்து, ஆறாம் நிலையை மட்டும் தனியே இறக்குகிறார்கள். பிறகு அக்கரைசலைப் புளிப்பாக்கி டைபினைல்கார்பஸைடு என்னும் மருந்தைச் சேர்த்தால் செவ்வூதா நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் விஷத்தின் அளவு தெரியும். இதற்கு அயல்நாட்டு யந்திரமோ கோடிக்கணக்கான ரூபாயோ தேவையில்லை. ரசாயனம் கற்பிக்கும் நல்ல கலாசாலை ஒவ்வொன்றிலும் செய்யக்கூடிய காரியமே. இன்னும் நுட்பமாக, மண்ணைக் கரைக்காமலே எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி உலோகத்தின் நிலையை நேரிற் காண்பதற்கும் வழியுண்டு. அதற்கு வேண்டிய சின்க்ரோட்ரான் யந்திரம் 'இண்டஸ்-2' என்ற பெயரில் நம் தேசத்திலேயே, இந்தூரில் இருக்கிறது.

இம்முறைகளிலும் குறைகள் உண்டென்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். உண்மைதான். ஒரு படியில் கரைந்து வந்த உலோகம் அடுத்த துகளில் மீண்டும் ஒட்டிக்கொண்டு கணக்கைக் குழப்புவதுண்டு. ஒவ்வொரு படிக்கும் நாம் இடும் பெயர், இயற்கையின் பெயரல்ல. நாம் ஊற்றிய மருந்தின் பெயரே என்று விஞ்ஞானிகளே எச்சரித்திருக்கிறார்கள். ஒரே மண்ணைப் பல ரசாயன சாலைகளுக்கு அனுப்பினால் பலவித விடைகள் வருவதைக் கண்டு, ஐரோப்பியர் 1990-களில் ஒரே சீரான முறையை வகுத்தார்கள். இத்தாலியிலுள்ள ஓர்த்தா ஏரியின் வண்டலை அளவு நிர்ணயித்து, ஒவ்வொருவரும் தம் கைத்திறனைச் சோதித்துக்கொள்ளும் உரைகல்லாகப் பயன்படுத்தினார்கள். தராசில் பிழை இருந்தால் தராசைத் திருத்துவார்களேயன்றி நிறுப்பதையே விட்டுவிடுவார்களா? குறையைக் காட்டி வேலையைத் தட்டிக் கழிப்பது விஞ்ஞானமல்ல; சோம்பல்.

இக்கேள்வியைக் கேட்காமல் சுத்தம் செய்யப் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் சாட்சி. அங்கே 1830 முதல் 1968 வரையில் நடந்த குரோமேட் ஆலையின் கழிவைப் பள்ளங்களை மேடாக்கும் மண்ணாகப் பயன்படுத்தினார்கள். ஆலை மூடி அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், 2021-இல் அவ்விடத்து ஓடையொன்று பச்சை நிறமாக ஓடிற்று. இவ்விதக் கழிவின் கட்டிகளுக்குள்ளே ஆறாம் நிலைக் குரோமியம் காரத்தோடு பிணைந்து கிடக்கிறது. மேலே ஓடும் தண்ணீருக்கு இரும்பு உப்பை இட்டால் அப்போதைக்கு விஷம் அடங்கும். சில காலம் சென்றபின் கட்டியிலிருந்து புதிதாகக் கசிந்து பழையபடி தலையெடுக்கும். எந்தக் கட்டியில் எந்த ரூபத்தில் இருக்கிறது என்று அறியாமல் மருந்து ஊற்றுவது, நாடி பாராமல் சூரணம் கொடுப்பதற்கு ஒப்பாகும். ராணிப்பேட்டையில் செலவாகும் பொதுப் பணம் இவ்விதம் மண்ணில் கரைந்துபோகக் கூடாது.

நமது சட்டம் இந்த வேற்றுமையை அறியாததல்ல. ஆற்றில் விடும் ஆலைக் கழிவு நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஆறாம் நிலையோ 0.1 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று சர்க்காரின் விதிகள் இருபது மடங்கு வேற்றுமை வைத்துக் கூறுகின்றன. தண்ணீருக்கு உள்ள இந்த விவேகம் மண்ணுக்கும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. தண்ணீர் ஓடிவிடுகிறது; மண் அங்கேயே இருந்து தலைமுறைகளுக்குச் சோறு போடுகிறது.

ஆகவே மூன்று விஷயங்களை வற்புறுத்த விரும்புகிறோம். முதலாவது, பாலாற்றுப் பிரதேசத்தில் நஷ்ட ஈட்டுக்காகவும் சுத்திகரிப்புக்காகவும் எடுக்கப்படும் மண், வண்டல் பரிசோதனை ஒவ்வொன்றிலும் மொத்த அளவோடு ஆறாம் நிலை எவ்வளவு, எளிதில் கரையும் பகுதி எவ்வளவு என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். மண்ணை ஈரத்தோடு எடுத்தார்களா, எந்த முறையில் பரிசோதித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பதும் அதில் குறிக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஒரு தடவையோடு நில்லாமல் மழைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். ஆலைகளைச் சுற்றிய ஏரிகளில் தூர் வாரிய வண்டலை எருவென்று வயலுக்கு ஏற்றுவதற்கு முன்னும் இச்சோதனை அவசியம். மூன்றாவது, முடிவுகள் ஆங்கில அறிக்கைகளுக்குள் புதைந்து கிடக்காமல், கிராம சபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். தன் நிலத்தில் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமை அந்நிலத்தை உழுகிறவனுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

இதற்குச் செலவாகும் என்று சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால், தவறான இடத்தைத் தோண்டுவதைவிட, சரியான இடத்தைக் கண்டறிவது எப்போதும் மலிவு. ஆட்கள் இல்லை என்று சொல்வார்கள். 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. வேளாண் சர்வகலாசாலை இருக்கிறது. கலாசாலைகள் தோறும் ரசாயனம் கற்ற வாலிபர்கள் இருக்கிறார்கள். இவர்களை ஒன்றுகூட்டி ஏவும் மனம்தான் வேண்டும்.

தேச ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் கூட்டுவதும் தீர்மானம் நிறைவேற்றுவதும் அவசியந்தான். ஆனால் அடுத்த முறை அதிகாரி ஒருவர் மண் பரிசோதனைக் காகிதத்தை நீட்டி, "அளவு வரம்புக்குள் இருக்கிறது" என்று சொன்னால், கோஷமிட வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். "எந்த ரூபத்தில், ஐயா?" என்று கேளுங்கள். அளவு அதிகமென்று யாரேனும் வீண் பீதி கிளப்பினாலும் அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும் வரையில் கேட்பதை நிறுத்தாதீர்கள். முப்பது வருஷம் நீதிக்காகக் காத்திருந்த பாலாற்றுக் கரைக் குடியானவனுக்கு, கையில் கிடைக்கும் தீர்ப்பின் பலன் முழுமையாகச் சேர்வதும் பாதியில் கைநழுவிப் போவதும் இந்தக் கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது.